காலை டிபனை விடாதே

அக்டோபர் 21, திங்கள்
இட்லி மூன்று, சட்னி. 11 மணிக்குக் கொய்யா. சாப்பிட்டதை அப்போதே எழுதணுமாம், டாக்டர் சொல்லியிருக்கிறார், ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதக் கூடாதாம். பக்கத்தில் மனநிலைக்கு ஒரு கட்டம். "ஒன்றுமில்லை."

அக்டோபர் 24, வியாழன்
எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி
சரி, எழுதுகிறேன். புதன் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மிக்சர், ஃப்ரிட்ஜில் இருந்த மீதிச் சாதம், கடைசியில் சர்க்கரையைக் கரண்டியால். ருசியே தெரியவில்லை, நின்றுகொண்டே, விளக்குப் போடாமல். அப்படி நடந்தாலும் மறுநாள் காலை டிபனை விடாதே என்றார் டாக்டர். அவர் சொன்னதில் எனக்கு ஆகவே ஆகாதது அதுதான். ராத்திரி தின்றதற்குப் பகலெல்லாம் எலுமிச்சை ஜூஸ், இதுதானே என் கணக்கு? அந்த ஜூஸ் நாளின் ராத்திரிதான் மறுபடி மிக்சர் டப்பாவைத் திறக்க வைக்கிறது என்கிறார். நேற்று தோசை தின்றேன், அழுதுகொண்டே.

அக்டோபர் 27, ஞாயிறு
இரண்டாம் உலகப் போர் சமயம், 1944-45-ல், மின்னசோட்டாவில் 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நல்ல திடகாத்திரமான ஆட்கள். பட்டினியில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய், தட்டை நக்கி, சமையல் புத்தகம் சேர்த்து... அப்புறம் சோறு கிடைத்ததும் சிலருக்கு நிறுத்தவே முடியவில்லை. திரும்பத் திரும்ப இதையே படிக்கிறேன். என் போனில் எத்தனை சமையல் வீடியோ சேமித்து வைத்திருக்கிறேன்! நிறுத்த முடியாமல் இப்படித் தின்பது தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 2013-ல்தான். எங்கள் வீட்டில் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர்.

அக்டோபர் 28
எடை மெஷினை அக்கா எடுத்துப் போய்விட்டாள். வாரம் ஒரு தடவை அவள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 31, தீபாவளி
அத்தை வாசலிலேயே, "என்னடி இளைச்சுட்டே, நல்லா இருக்கே!" எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே எரிச்சல். அதிரசம் இரண்டு, எல்லாரோடும் உட்கார்ந்து, பகலில். எழுதியாச்சு.

நவம்பர் 2, சனி
சஷ்டி ஆரம்பம். ஆறு நாளும் பாலும் பழமும், காலேஜ் காலத்திலிருந்து இருக்கிறேன். இந்த வருஷம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் விரதத்தைக் குறை சொல்லவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்: "விரதம் முடிஞ்சதும் முதல்ல எங்க போவீங்க?" கோயிலுக்கு என்றுதான் சொன்னேன். நிஜத்தில் அதற்கு முன்னால் எடை மெஷினில் ஏறுவேன். முருகனுக்குத் தெரியாதா? ஆனாலும் மனசு கேட்கவில்லை, சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம், ஆறு நாளில் எவ்வளவு குறையும் என்று இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் சத்தமாகக் கேட்கிறது. மத்தியானம் சாம்பார் சாதம், முட்டைக்கோஸ் பொரியல். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். வருத்தமா, கோபமா, தெரியவில்லை.

நவம்பர் 4
கோபம்தான்.

நவம்பர் 7, வியாழன்
டிவியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். அம்மா பேசினாள்: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷமும் விரதம் இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. 4 மணிக்குச் சுண்டல்.

நவம்பர் 9
ஆபீஸ் விட்டு வரும்போது பசி. மணி பார்த்து வந்தது இல்லை, நிஜப் பசி, வயிற்றில். கேன்டீனில் ரவா தோசை சொல்லிவிட்டு எழுதுகிறேன். மனநிலைக் கட்டத்தில் என்ன போட? தோசை வந்துவிட்டது, அப்புறம்