தெர்மாகோல் வண்டி: கேரேஜ் நாட்குறிப்பு

ஏப்ரல் 22, 2023, சனி. நோவை, மிச்சிகன்

காரைக் கேரேஜிலிருந்து வெளியே நிறுத்தியாயிற்று. செப்டம்பர் வரை அதற்கு வெயிலும் மழையும்தான். அதன் இடத்தில் இப்போது நாலு அடிக்கு எட்டு அடி மடக்கு டிரெய்லர் ஒன்று நிற்கிறது. பெட்டியில் வந்ததை நானும் அப்பாவும் இரண்டு நாளாகப் போல்ட் போட்டு நிமிர்த்தினோம். வெறும் சட்டமும் சக்கரமும் மட்டும் 250 பவுண்டு. இதன் மேல் ஃபோம் பலகையால் ஒரு சின்னப் படுக்கையறை கட்டுவதுதான் திட்டம். இரண்டு பேர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது.

ஏன் ஃபோம்? எங்கள் ராவ்4 ஹைபிரிட் கார் இழுக்கக்கூடியது 1,750 பவுண்டுதான். கடையில் விற்கிற, உள்ளே படுத்துத் தூங்குகிற சின்ன கேம்பர் வண்டிகளிலேயே பல, சாமான் ஏற்றியதும் அதைத் தொட்டுவிடுகின்றன. விலையைப் பற்றி வீட்டில் பேசாமல் இருப்பதே நல்லது. எல்லாம் சேர்த்து 650 பவுண்டுக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். கடையில் இறக்கிய பிங்க் நிறப் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். பட்டறையில் முடிந்த வண்டியைச் சுற்றி வந்து தட்டுவாராம், ரிவெட் தளர்ந்திருந்தால் சத்தமே சொல்லிவிடும். இது ஒன்றும் சொல்லவில்லை.

"ஏண்டா கண்ணு, தெர்மாகோல்ல வண்டி கட்டறயா? அணைக்கட்டுல மிதக்க விட்டாங்களே, அதா?"

வைகை அணைக் கதை 2017இல் நடந்தது. இன்னும் பத்து வருஷத்துக்கு ஓடும்போல. இது அந்த உருண்டை உருண்டையாக உதிரும் சாதி இல்லைங்கப்பா, இறுக்கிப் பிழிந்து வார்த்தது, தண்ணீர் குடிக்காது என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை.

மே 6, சனி

சோதனை நாள். எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குல கனம், நாலடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டேன். மற்றதன் இரண்டு பக்கமும் கேன்வாஸ் துணியை மரப் பசையில் தோய்த்து ஒட்டி ஒரு வாரம் காயவிட்டிருந்தேன். பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் விரிக்கிற பருத்தித் துணிதான் அது. இங்கே இந்த வேலையை ஏழை வீட்டு ஃபைபர்கிளாஸ் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இரண்டு செங்கல் மேல் பலகையை வைத்து நடுவில் 20 பவுண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினோம். வீட்டில் இரண்டு, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது இரண்டு. வெறும் ஃபோம் மூன்றாவது மூட்டைக்கு 'படக்'. துணி ஒட்டியது நாலு மூட்டையையும் வாங்கிக்கொண்டு நடுவில் கொஞ்சம் தொய்ந்து நின்றது.

பாரம் ஏறினால் பலகையின் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். ஃபோம் இழுத்தால் கிழியும், துணி கிழியாது. ஃபோம் செய்வதெல்லாம் இரண்டு துணியையும் இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்துவைப்பதுதான். அப்பா குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "சேசிஸ் ஐ-பீம் கணக்குதான் இது," என்றார். இதை நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

மே 7, ஞாயிறு

இன்று ஒரு கூத்து. அவசரத்தில் ஸ்ப்ரே பசையை எடுத்து இரண்டு பலகைகளை ஒட்டப் போனேன். கரைப்பான் கலந்த பசை. அடித்த ஐந்தாவது நிமிடம் பலகையில் பள்ளம் பள்ளமாக விழுந்து, கரையான் அரித்த கட்டை மாதிரி ஆகிவிட்டது. இந்த ஃபோம் பாலிஸ்டைரீன், அதற்கு இந்தக் கரைப்பான்கள் எமன். படகுக்குப் போடுகிற பாலியெஸ்டர் ரெசினும் அப்படித்தான், கரைத்துவிடும். எபாக்சி ஒன்றும் செய்யாது, ஆனால் விலை. இனி நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேன் பசை மட்டுமே. பலகை விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும், ஈரம் பட்டால்தான் அது பிடிக்கும்.

மே 28, ஞாயிறு

சுவர்கள் நிற்கின்றன. அகலம் ஐந்து அடி, நீளம் எட்டு, உயரம் நாலு. டிரெய்லரின் அகலம் நாலடிதான். அதற்குள்ளேயே கட்டினால், சுவர்க் கனம் போக 44 அங்குலம் மிஞ்சும். அதில் இரண்டு பேர் படுத்தால் விடிவதற்குள் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதனால் சட்டத்தின் மேல் கட்டைகளை நிறுத்திவைத்துத் தளத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே நீட்டிவிட்டோம். ஸ்பிரிங் அமுங்கினாலும் டயர் இடிக்கக் கூடாது, அந்த இடைவெளியை மூன்று முறை அளந்தோம்.

முன்பக்க முனையை வளைவாகச் சீவினேன். தேங்காய்த் துருவல் மாதிரி பிங்க் துகள் பறக்கிறது. உரசினால் மின்னேற்றம் பிடித்து ஒட்டுகிறது: கையில், புருவத்தில், பாப்பாவின் தலைமுடியில், நாய்க்குட்டி மேல். "அப்பாரு, நீங்க பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கீங்க," என்று பாப்பா சிரித்ததற்கு அப்பா கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கதவு விஷயத்தில் சண்டை. கீல் ஸ்க்ரூ ஃபோமில் பிடிக்காது, அதனால் கதவைச் சுற்றி மரச்சட்டம் பதிக்க வேண்டும். அதில் எனக்கும் ஒப்புதல்தான். ஆனால் நான் வரைந்தது ஒன்றரை அங்குலக் கட்டை. சாயங்காலம் பார்த்தால் அப்பா அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டையும் சேர்த்திருக்கிறார். குளியலறைத் தராசை எடுத்துவந்து மிச்சத் துண்டை நிறுத்தி, மூன்று பவுண்டு அதிகம் என்று நோட்டில் எழுதினேன்.

"கதவை சாத்தறது நீ மட்டுமில்ல கண்ணு, கொழந்தையும் சாத்தும். அடிச்சுச் சாத்தும்."

கட்டை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூரையில் ஆங்கிள் இரும்பு போடச் சொன்னதற்கு மட்டும் மசியவில்லை.

ஜூன் 10, சனி

துணி ஒட்டும் நாள். இதற்கு அம்மாதான் தலைமை. கரூரில் பிறந்து வளர்ந்தவருக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. "நனைக்காத துணிய ஒட்டாத, அது சுருங்குறப்போ எங்க இழுக்கும்னு உனக்குத் தெரியாது," என்று முந்தாநாளே எல்லாவற்றையும் வாஷரில் போட்டு, இஸ்திரி போட்டு, சுருட்டி வைத்துவிட்டார்.

பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ரோலரால் பலகையில் பூசி, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டி, அதன் மேல் இன்னொரு பூச்சு. அப்பா ஒரு நுனியை இழுத்துப் பிடிக்க, நான் மறுநுனி. பசைக்கு 55 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இந்த ஊரில் மே மாதமே பாதி நாள் அது கிடைக்காது, அதற்காகத்தான் ஜூன் வரை காத்திருந்தேன்.

மத்தியானம் காய்ந்ததும் தெற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நாலு கொப்புளம். கிழித்து மறுபடி ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டார். குறைந்த சூட்டில் வைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துண்டை மேலே போட்டு, மூன்று எண்ணி எடுத்தார். காய்ந்த மரப் பசை சூட்டில் இளகித் திரும்பவும் ஒட்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கீழே இருப்பது ஃபோம், கொஞ்சம் அதிகமானால் குழி விழும். அந்த மூன்று எண்ணிக்கையை நான் எண்ணியிருந்தால் நாலாகியிருக்கும்.

ஜூன் 28, புதன்

பெயின்ட் அடிக்க லீவு போட்டிருந்தேன். வெளியே தலை காட்ட முடியவில்லை. கனடாவில் காடு எரிகிற புகை இங்கே இறங்கியிருக்கிறது. காற்றின் தரத்தில் இன்று டெட்ராய்ட் உலகிலேயே மோசமான நகரங்களின் வரிசையில் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு சூரியன் செம்பருத்தி நிறத்தில் தொங்குகிறது. கேரேஜ் கதவை மூடி, கீழே ஈரத்துணி அடைத்து, உள்ளே உட்கார்ந்து விளக்கு ஒயர் இழுத்தோம். மஞ்சள் இடது, பச்சை வலது, பழுப்பு பின்விளக்கு, வெள்ளை எர்த். வலது விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்ததற்குக் காரணம், எர்த் போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயின்ட். அப்பா சுரண்டிவிட்டார். சரியாகிவிட்டது.

ஜூலை 15, சனி

மூன்று பூச்சு முடிந்தது. முதல் பூச்சில் பாதிக்குப் பாதி தண்ணீர், இழைக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. பாப்பாவுக்குக் கருநீலம் வேண்டுமாம். இந்த ஃபோம் 74 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் இளகும். கருநிறம் ஜூலை வெயிலில் எவ்வளவு சூடாகும் என்று அப்பாவே அவளுக்குச் சொன்னார்: "மே மாசம் பஸ் கூரை மேல கை வெச்சுப் பாரு, தோசை சுடலாம்." கூரையும் சுவரும் வெள்ளை, கதவில் மட்டும் ஒரு நீலப் பட்டை என்று முடிவாயிற்று.

நம்பர் பிளேட் வேலை சுலபமாக முடிந்தது. மிச்சிகனில் டிரெய்லருக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, சனி

இன்று எடை. நெடுஞ்சாலை லாரி எடைமேடையில் ஏற்றினோம். 20 பவுண்டு அடுக்கில்தான் காட்டும் அது. 640. நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

சந்தோஷம் வீடு வரைக்கும்தான். டிரைவ்வேயில் வண்டியைச் சமமாக நிறுத்தி, காரோடு மாட்டுகிற முன்முனையான கப்ளருக்குக் கீழே கட்டை வைத்து, அதை அதே குளியலறைத் தராசில் இறக்கினால் 41 பவுண்டு. மொத்த எடையில் ஏழு சதவீதம்கூட இல்லை. கப்ளரில் இறங்கும் பாரம் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி வளையும், காரையும் சேர்த்து ஆட்டும்.

நான் இதைப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையமர்த்தினார்.

"பின்பாரம்டா. இதுக்கு எதுக்குப் படம்? கட்ட வண்டியில பின்னால பாரம் ஏறுச்சுன்னா நொகம் மேல தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுக்கும். முன்பாரமாப் போனா கழுத்து புண்ணாகும். எங்கப்பா வண்டிய ஏத்திட்டு நொகத்தத் தூக்கிப் பார்ப்பாரு. ஒரு கையில தூக்கற மாதிரி, ஆனா கொஞ்சம் முக்கணும். அதான் கணக்கு."

பின்பக்க அடுப்பங்கரையில் வைத்திருந்த பேட்டரியையும் அடுப்புப் பெட்டியையும் எடுத்து முன்னால் கட்டினோம். இரண்டும் சேர்ந்து 37 பவுண்டு. தராசு இப்போது 74 காட்டியது, பதினொன்றரை சதவீதம். அப்பா தராசை ஒதுக்கிவிட்டுக் கப்ளரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் முக்கினார். "போதும்," என்றார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நேற்று ராத்திரி ஆடித் தீர்த்துவிட்டது. மேற்கே வில்லியம்ஸ்டன் பக்கம் சூறாவளி ஐ-96 நெடுஞ்சாலையில் லாரிகளைப் புரட்டிப்போட்டிருக்கிறது. எங்களுக்குக் கரண்ட் போனதோடு சரி. வண்டி டிரைவ்வேயில் வெட்டவெளியில் நின்றது. 640 பவுண்டு பெட்டி காற்றுக்கு எம்மாத்திரம்? பத்து மணிக்கு மழையில் ஓடி, சட்டத்தை வாரால் காரோடு கட்டிவிட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் டார்ச்சோடு உள்ளே போனோம். கதவுப்பக்கம் ஒரு சொட்டு இல்லை. கதவுக்கு மேலே அலுமினியத்தில் ஒரு வார் அடிக்க வேண்டும், பஸ் ஜன்னலுக்கு மேலே இருக்குமே அந்த மாதிரி, என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றிருந்தார். நான் அரை பவுண்டு வீண் என்றேன். அது வேலை செய்கிறது. காற்றுப் போக நான் தனியாகப் பொருத்திய கூரை வென்ட் ஒழுகியிருக்கிறது. மெத்தையில் தட்டு அகலத்துக்கு ஈரம். அறுத்த துணி ஓரத்தைப் பசை போட்டுத் துளைக்குள் மடித்து ஒட்டாமல் விட்டதுதான் காரணம். அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 16, சனி. லடிங்டன்

நானும் அப்பாவும் மட்டும் வந்திருக்கிறோம். அவருக்கு இன்னும் இரண்டு வாரத்தில் விமானம். நாலு மணி நேர ஓட்டத்தில் வண்டி ஒருமுறைகூட ஆடவில்லை. லாரி கடக்கும்போது மட்டும் லேசாக ஒரு உந்தல். அப்பா வழியெல்லாம் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் மணலில் நடந்து பிக் சேபிள் கலங்கரை விளக்கம் வரை போனோம். 1867இல் கட்டியது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டு நிற்கிறது. கடலா என்றார், ஏரிங்கப்பா என்றேன். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

ராத்திரி தக்காளி ரசமும் அப்பளமும், வெளியே மேசையில்தான். இத்தனை சின்னப் பெட்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தாலும் சரி. படுக்கும்போது எட்டு டிகிரி. காலை மூன்று மணிக்கு மூக்கில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்து விழித்தேன். ஒழுகல் இல்லை. விரலை வைத்துப் பார்த்தால் கூரை முழுக்க வியர்த்திருக்கிறது. இரண்டு பேர் விடுகிற மூச்சு எங்கே போகும்? இண்டு இடுக்கு இல்லாமல் ஒட்டி வைத்திருக்கிறோம். எழுந்து வென்ட்டை இரண்டு அங்குலம் திறந்தேன்.

அப்பா சால்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

"மூடித் தொல கண்ணு, குளுருது."