ஆட்டக்காரரே மேலாளராகவும் இருந்த காலம்

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு காலத்தில் அணியின் நட்சத்திர ஆட்டக்காரரையே, களத்தில் யார் எங்கே ஆடுவது என்று முடிவெடுக்கும் மேலாளராகவும் அமர்த்திவிடுவார்கள். ஒரு சம்பளம் மிச்சம், கூட்டமும் வரும் என்பது உரிமையாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கு எல்லா நேரமும் பலிக்கவில்லை. டை காப் 1922இல் டெட்ராய்ட் அணியை நிர்வகித்துக்கொண்டே .401 மட்டையடி சராசரியில் (பத்து வாய்ப்புகளில் ஏறக்குறைய நான்கு வெற்றி அடிகள்) அடித்தும், ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட லீக் பட்டத்தை வெல்லவில்லை.

எனக்குப் பிடித்தவர் லூ பூட்ரோ. 1941 இறுதியில் கிளீவ்லாந்து அணி அவரை மேலாளராக்கியபோது அவருக்கு வயது 24தான். தம்மைவிட மூத்தவர்களுக்கு உத்தரவிட வேண்டிய தர்மசங்கடமான பதவி அது. 1946இல், பெரும்பாலும் வலப்பக்கமே பந்தை அடிக்கும் பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) விளாசியதைக் கண்ட பூட்ரோ, அன்றைய இரண்டாம் ஆட்டத்தில் இடப்புறத்தில் ஒரே ஒரு வீரரை விட்டுவிட்டு, ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளராக) ஆடிய தாம் உட்பட மற்ற தடுப்பாளர்கள் அனைவரையும் வலப்பக்கம் நகர்த்தினார். களத்தில் நின்று பந்து வரும் திசையைப் பார்த்தவருக்கே தோன்றக்கூடிய யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

1947 இறுதியில் உரிமையாளர் பில் வீக் அவரை வேறு அணிக்கு மாற்ற முயன்று, ரசிகர்களின் கொந்தளிப்பைக் கண்டு பின்வாங்கினார். மறு ஆண்டு கிளீவ்லாந்தும் பாஸ்டனும் சமநிலையில் முடித்ததால், அக்டோபர் 4 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் நடந்த தனி ஆட்டமே லீக் பட்டத்தைத் தீர்மானித்தது. அதில் பூட்ரோ இரண்டு ஹோம் ரன்கள் அடிக்க, கிளீவ்லாந்து 8-3 என வென்றது. அடுத்த வாரமே, இரு லீக்குகளின் பட்டம் வென்ற அணிகள் மோதும் உலகத் தொடரையும் கைப்பற்றியது.

ஆட்டக்காரரே மேலாளராகவும் இருக்கும் வழக்கம் 1986இல் சின்சினாட்டியின் பீட் ரோஸோடு நின்றுபோனது.