பலாலிக்கு ஒரு பழைய சிறிய ஜெற்: விலைக்கு முன் ஓடுபாதை

பாவித்த சிறிய ஜெற் ஒன்று வாங்கலாமா என்று விசாரிக்கும் பலர் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்தது எத்தனை பேர் இருக்கலாம் என்பது. யாழ்ப்பாணத்தை மையமாக வைத்துப் பறக்க நினைப்பவர் இரண்டையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்த விமானம் நனைந்த தரையில் எத்தனை மீற்றரில் நிற்கும் என்று கேட்கவேண்டும். அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குப் பொருந்தாத விமானம் எவ்வளவு மலிவாக வந்தாலும் நட்டம்தான்.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போது பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை நீளம் சுமார் 1,400 மீற்றர். சென்னையிலிருந்து வரும் ஏ.ரி.ஆர். 72 போன்ற சுழலி (விசிறியுள்ள) விமானங்களுக்கு அது போதும். ஜெற்றுக்குக் கணக்கு வேறு. வாடகைக்கு ஆள் ஏற்றும் ஜெற் விமானம், சேரிடத்தில் கிடைக்கும் இறங்கு தூரத்தின் 60 வீதத்துக்குள் முழுமையாக நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ள விதி. 1,400இல் 60 வீதம் 840 மீற்றர். ஓடுபாதை நனைந்திருக்கும் என்று எதிர்வுகூறப்பட்டால் மேலும் 15 வீதம் சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்போது விமானத்தின் கைநூலில் உள்ள தூரம் ஏறக்குறைய 730 மீற்றருக்குள் இருந்தாகவேண்டும்.

இனி விமானங்களைப் பாருங்கள். செஸ்னா சைற்றேசன் சி.ஜே.3 அதன் உச்ச இறங்கு எடையில், கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில் எடுக்கும் தூரம் சுமார் 844 மீற்றர். நாலு மீற்றரால் வெளியே நிற்கிறது. எடையைக் குறைத்தால் காய்ந்த தரைக்கு உள்ளே வரும். நனைந்த தரைக்கு இன்னும் நிறையக் குறைக்கவேண்டும். ஆரம்ப கால எம்பிரேயர் ஃபெனோம் 300 சுமார் 800 மீற்றர், காய்ந்த தரைக்குச் சரி. சைற்றேசன் மஸ்டாங் சுமார் 725 மீற்றர். நனைந்த தரைக் கணக்கிலும் மயிரிழையில் தேறுவது இவற்றில் அது ஒன்றுதான், ஆனால் உள்ளே நாலு பயணிகளுக்குத்தான் வசதி. லியர்ஜெற் 45 குடும்பத்தைப் பற்றிப் பலாலிக்காக யோசிக்கவே வேண்டாம். நிறைந்த எடையில் எழும்புவதற்கே 1,500 மீற்றர் அளவில் கேட்கும். இவை எல்லாம் 15 பாகைக்கான எண்கள். எங்கள் சித்திரை வெயிலில் 33, 34 பாகை சாதாரணம். வெக்கை கூடக்கூட எஞ்சினின் உந்துவிசை குறையும், இறக்கைக்குக் கிடைக்கும் காற்றும் ஐதாகும், எழும்பும் தூரம் நீளும். ஆகவே விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட தொடரிலக்க விமானத்தின் கைநூலில் 35 பாகைக்கான அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஓடுபாதையின் அறிவிக்கப்பட்ட தூரங்களையும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை வெளியிடும் வான்வழித் தகவல் ஏட்டின் புதிய பதிப்பிலிருந்தே எடுக்கவேண்டும்.

காற்று மட்டும் எங்கள் பக்கம். ஓடுபாதை 05/23 என்ற திசையில், அதாவது வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. சோளகம் பிடித்தால் 23 பக்கம், வாடை பிடித்தால் 05 பக்கம் எதிர்காற்றுக் கிடைக்கும். சிக்கல் மாரியில் வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தரை நனைந்தே கிடக்கும் நாட்கள் அதிகம். சி.ஜே.3, ஃபெனோம் 100, ஃபெனோம் 300, மஸ்டாங் எதிலும், எஞ்சினின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் பின்னுந்து சாதனம் இல்லை. நிறுத்துவது முழுக்க முழுக்க பிரேக்கின் வேலை. ஆரம்ப கால ஃபெனோம் 100இல் இறக்கையின் மேல் எழும்பும் ஸ்பொய்லர் தகடுகளும் இல்லை, அதனால் சில்லுகளின் மேல் எடை விழத் தாமதமாகும். பிந்திய பதிப்புகளில்தான் அவை வந்தன. ஒரே பெயரில் உள்ள இரண்டு விமானங்கள் பலாலியில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

தனிப்பட்ட பாவனைக்குப் பறக்கும் சொந்தக்காரருக்கு அந்த 60 வீத விதி சட்டப்படி கட்டாயமாக இராது. ஆனாலும் அதையே பின்பற்றுங்கள். கைநூல் எண்கள் சோதனை விமானி, புது ரயர், புது பிரேக், சரியான வேகம் என்ற நிலையில் பெறப்பட்டவை. மணிக்குப் பத்து கடல் மைல் வேகம் கூடினாலே அந்த இடைவெளியில் கணிசமான பகுதி போய்விடும்.

வாங்க முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது எங்கள் உறுதியான ஆலோசனை. சென்னையிலிருந்து பலாலி சுமார் 190 கடல் மைல், இரத்மலானையிலிருந்து 180 அளவில், திருச்சியிலிருந்து 100தான். இந்தத் தூரங்களில் ஜெற்றுக்கும் நல்ல சுழலி விமானத்துக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம். ஜெற் 40,000 அடிக்கு ஏறி இறங்க இங்கே நேரமே இல்லை. தாழப் பறந்தால் எரிபொருளைக் குடிக்கும். பில்லைக் கூட்டுவது பறக்கும் நேரத்தைவிட வெறுமையாக வந்துபோகும் நேரம்தான். சென்னையில் நிற்கும் விமானம் உங்களை எடுக்க வெறுமையாக வரும், விட்டபின் வெறுமையாகத் திரும்பும், இரண்டுக்கும் காசு உங்களுடையது. அதோடு நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி என்ற கட்டணம், விமானிகளின் தங்குமிடம், இறங்கு கட்டணம், தரைச் சேவை முகவர் கட்டணம் எல்லாம் சேரும். விலைமனுவில் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது கேட்கவேண்டிய பத்திரம் ஒன்று: பயணிகளை வணிகரீதியில் ஏற்றும் அனுமதி. இலங்கையில் விமான இயக்குநர் சான்றிதழ், இந்தியாவில் அட்டவணையில்லாச் சேவை அனுமதி. அதில் உங்கள் விமானத்தின் பதிவு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த ஒருவர் தன் சொந்த ஜெற்றில் “எண்ணெய்க் காசு மட்டும் தாங்கோ” என்று கூட்டிப்போவது பல நாடுகளில் சட்டவிரோத வாடகை. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். பலாலியில் விமானப்படைத் தளமும் அருகிலேயே இருப்பதால் அட்டவணையில்லாத விமானத்துக்கு முன் அனுமதி இல்லாமல் எதுவும் நகராது. எரிபொருள் கிடைக்குமா, சுங்கமும் குடிவரவும் எந்த நேரத்தில் நிற்கும் என்பவற்றை முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எரிபொருள் நிச்சயமில்லை என்றால் விமானி திரும்பிப் போகும் எண்ணெயையும் சுமந்துகொண்டு வருவார். அப்போது இறங்கு எடை கூடி, மேலே சொன்ன 840 மீற்றர் கணக்கு மறுபடியும் தலையைக் காட்டும்.

வருடத்துக்கு 150, 200 மணிக்குக் குறைவாகப் பறப்பவருக்கு வாங்குவது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் போகிறவர்களுக்கும் இன்னொரு எண்: சி.ஜே.3 முழு எண்ணெய் நிரப்பினால், ஒரு விமானியோடு, ஆட்களுக்கும் பொதிக்கும் மிஞ்சுவது 275 கிலோ அளவில். மூன்று பேர், அவ்வளவுதான். சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 1,500 கடல் மைல், துபாய் சுமார் 1,700. சிங்கப்பூருக்கு ஒரே மூச்சில் போகலாம். துபாய்க்கு, மேல்காற்று எதிர்த்து வீசும் மாதங்களில், பலாலியிலிருந்து முழு எடையோடு எழும்ப முடியாத வெக்கையில், இடையில் ஒரு தரிப்பு வைத்துக் கணக்கிடுங்கள். லண்டனும் ரொறன்ரோவும் இந்த வகை விமானத்தின் வேலை அல்ல.

இனி வாங்கும் வேலை. ஒழுங்கு இப்படி: விருப்பக் கடிதம், மூன்றாந்தரப்புக் கணக்கில் மீளப்பெறக்கூடிய முற்பணம், கொள்வனவு ஒப்பந்தம், கொள்வனவுக்கு முந்திய பரிசோதனை, குறைகளைத் திருத்துதல், பிறகு கைமாற்றம். அமெரிக்கப் பதிவு விமானமென்றால் உரிமைத் தேடல் ஒக்லஹோமா சிற்றியில் உள்ள பதிவகத்தில் நடக்கும். விமானங்கள் மீதான கடன், உரிமைகளைப் பதியும் கேப் டவுண் உடன்படிக்கையின் கீழான சர்வதேசப் பதிவேட்டிலும் தேடவேண்டும். தீர்க்கப்படாத வங்கிக் கடனோ, பழுதுபார்த்தவருக்குக் கொடுக்காத பில்லோ விமானத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இலங்கையிலிருந்து டொலர் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. வங்கியோடு கதைத்துவிட்டுத்தான் விருப்பக் கடிதத்தில் திகதி போடவேண்டும். முற்பணம் நேரத்துக்குப் போகாவிட்டால் நல்ல விமானம் அடுத்தவரிடம் போய்விடும்.

பரிசோதனையை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த இடத்திலேயே செய்விக்காதீர்கள். தங்கள் வேலையில் தாங்களே பிழை பிடிக்கமாட்டார்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற வேறு நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் குழாய்க் கமெராவை விட்டு காற்றை அமுக்கும் அமுக்கித் தகடுகளையும், எண்ணெய் எரியும் சூடான பகுதியையும் பார்க்கவேண்டும். உந்துவிசைப் பரிசோதனை ஓட்டம், அறை அழுத்தக் கசிவுச் சோதனை, இறக்கைத் தொட்டிகளில் எண்ணெய்க் கசிவு, முன் கண்ணாடியின் அடுக்குப் பிரிவு, பிரேக்கின் மிச்சத் தடிப்பு, வழுக்கல் தடுப்பு அமைப்பு, பற்றரியின் கொள்ளளவு, ஒட்சிசன் சிலிண்டரின் அழுத்தச் சோதனைத் திகதி எல்லாம் அதில் அடங்கவேண்டும். கழிவறைத் தரைக்கும் குடிபான அலுமாரிக்கும் கீழே உள்ள தகடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் கசிந்த நீலத் திரவமும் கோப்பியும் அலுமினியத்தைத் தின்றிருப்பது அங்கேதான் தெரியும். இந்தத் தரைத் தகட்டைக் கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு கதைக்கத் தேவையில்லை.

எஞ்சின் கணக்குத்தான் விலையைத் தீர்மானிக்கிறது. பழைய சி.ஜே. வகைகளில் உள்ள வில்லியம்ஸ் எஃப்.ஜே.44-1ஏ எஞ்சினுக்கு 3,500 மணிக்கு முழுச் சீர்திருத்தம், இடையில் 1,750இல் சூடான பகுதிப் பரிசோதனை. 3,300 மணி ஓடிய இரண்டு எஞ்சினோடு மலிவாக வரும் விமானத்தில், வாங்கிய முதல் வருடத்திலேயே பல இலட்சம் டொலர் காத்திருக்கிறது. எஞ்சின், பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிப் பின்னர் பராமரிப்புச் செலவை ஈடுசெய்யும் மணிக்கட்டணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, கட்டணம் நிலுவையின்றிக் கட்டப்பட்டிருக்கிறதா, புதிய சொந்தக்காரருக்கு மாற்றலாமா என்ற மூன்றையும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது. குறைவாகப் பறந்த விமானம் நல்ல விமானம் என்றும் நினைக்கவேண்டாம். வருடத்துக்கு 40 மணி பறந்து மிச்ச நாள் கொட்டகைக்கு வெளியே நின்ற ஜெற்றில் ரப்பர் வளையங்கள் காய்ந்து, துரு பிடித்திருக்கும். பல பரிசோதனைகள் மணியை மட்டுமல்ல, மாதத்தையும் எண்ணுகின்றன.

லொக் புத்தகங்கள் முதல் நாளிலிருந்து முழுமையாக இருக்கவேண்டும். இடையில் ஒரு புத்தகம் தொலைந்தால் ஆயுள் வரையறையுள்ள பாகங்களின் வரலாறு அறுந்துவிடும். அந்தப் பாகத்தை முடிந்துபோனதாகக் கருதி மாற்றவேண்டி வரலாம், விற்கும்போதும் விலை விழும். ஒவ்வொரு பாகத்துக்கும் பாவிக்கத் தகுந்தது என்ற விடுவிப்புச் சீட்டு, ஒவ்வொரு பாதுகாப்புப் பணிப்புக்கும் நிறைவேற்றிய பதிவு, அடிபட்டுத் திருத்திய இடங்களுக்கு வரைபடம் இருக்கவேண்டும்.

கருவிகளில் எடை ஒரு எல்லைக்கோடு போடுகிறது. 5,700 கிலோவுக்கு மேற்பட்ட ஜெற் அல்லது சுழலி விமானத்துக்கு மோதல் தவிர்ப்புக் கருவி வேண்டும். சி.ஜே.3 ஏறக்குறைய 6,290 கிலோ, மஸ்டாங் 3,920. 29,000 முதல் 41,000 அடி வரை பறக்கத் தேவையான, விமானங்களுக்கிடையே குறைந்த உயர இடைவெளிக்கான அனுமதி இயக்குபவருக்குக் கொடுக்கப்படுவது. விமானத்தோடு சேர்ந்து வராது. புதிய அனுமதி வரும்வரை கீழே பறந்தால், மேலே மணிக்கு 600 லீற்றர் அளவில் முடியும் எண்ணெய் கணிசமாகக் கூடும்.

பதிவை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இலங்கையின் 4ஆர் பதிவா, சொந்தக்காரருக்காக விமானத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் அமெரிக்க ட்ரஸ்ட் ஒன்றின் பெயரில் ‘என்’ பதிவைத் தொடர்வதா, சான் மரினோ போன்ற பதிவகமா என்பதைப் பொறுத்தே கருவி மாற்றங்களும் விமானிகளின் உரிமமும் அமையும். பழைய பதிவை நீக்கிய நிமிடம் முதல் புதியது வரும்வரை விமானம் பறக்க முடியாது. அமெரிக்காவில் வாங்கினால் கனடாவின் கூஸ் பே, கிரீன்லாந்து, ஐஸ்லாந்தின் கெஃப்ளாவிக் வழியாக ஐரோப்பாவுக்கும், வளைகுடா ஊடாக இங்கும் கொண்டுவரும் பயணத்தைப் பழைய பதிவிலேயே முடித்துவிட்டுப் பதிவை மாற்றுவது பாதுகாப்பான ஒழுங்கு. அதற்கான காப்புறுதி கைமாற்றத்தின்போதே நடைமுறையில் இருக்கவேண்டும். சி.ஜே. வகைகளை ஒரு விமானியே ஓட்டலாம் என்று சான்றிதழ் சொல்கிறது. பலாலி மாதிரி நீளம் குறைந்த ஓடுபாதைக்கு இரண்டு பேரை வையுங்கள். காப்புறுதிக்காரரும் பெரும்பாலும் அதையே கேட்பார்.

கடைசியாகத் தரிப்பிடம். பலாலியிலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்று அமுக்கித் தகடுகளில் படிந்து அரிக்கும், மின் இணைப்புகளைப் பச்சை பிடிக்கவைக்கும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் எஞ்சினை நன்னீரால் கழுவ ஒழுங்கு செய்யுங்கள், இறங்கியவுடன் உள்வாய் மூடிகளைப் போடுங்கள். கூரையுள்ள கொட்டகை கிடைக்காவிட்டால் விமானத்தை சென்னையிலோ இரத்மலானையிலோ நிறுத்தி, தேவைக்கு மட்டும் இங்கே அழைப்பது மலிவு. பராமரிப்பு ஆட்களும் அங்கே இருந்துதான் வரவேண்டும். பலாலியில் ஒரு ரயர் வெடித்தால் சில்லும் தூக்கியும் பொறியியலாளரும் வர நாட்கள் போகும். ஒரு சில்லுத் தொகுதி, பிரேக் தட்டுகள், நைதரசன் சிலிண்டர், தூக்கி ஆகியவற்றை வாங்கும் நாளிலேயே பட்டியலில் சேர்த்து, விற்பவரிடமிருந்து விமானத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் உதிரிப்பாகப் பெட்டி விற்பவரின் கொட்டகையிலேயே நின்றுவிடும்.