அப்பத்தா போட்டோவுக்கு ரெண்டு தடவ பிரிண்ட்

அப்பத்தா படத்த 8க்கு 12 இன்ச்ல பிரிண்ட் போட்டா மொகமெல்லாம் கட்டம் கட்டமா வந்து மனசே விட்டுப்போச்சு. கடைக்கு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினதுதான் தப்பு, அது படத்த சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க இல்லனா பென் டிரைவ்ல ஒரிஜினல குடுங்க. இன்ச்சுக்கு 300 பிக்சல்னு (படத்துல இருக்குற சின்னச் சின்னப் புள்ளி) வச்சா இந்த சைஸுக்கு 2400க்கு 3600 வேணும். அப்புறம் போன் ஸ்க்ரீன் வெளிச்சத்த நம்பாதீங்க, பேப்பர்ல இருட்டாதான் தெரியும், நான் மொகத்த கொஞ்சம் வெளிச்சமாக்கி முதல்ல சின்னதா 4க்கு 6 போட்டுப் பாத்துட்டுதான் பெருசு போட்டேன். பளபளப்பு இல்லாத மேட் பேப்பரே கேளுங்க, பளபளன்னு இருக்குற க்ளாஸி பேப்பர்ல டியூப்லைட் பட்டா மூஞ்சியே தெரியாது. இப்ப பாம்படம் போட்டு நீண்ட காது, கன்னத்து சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கு, அம்மா வந்து வந்து தொட்டுப் பாக்குறாங்க.