அழுத்தினால் இறங்காது

டைமண்ட் பிளேடு கல்லை அறுப்பதில்லை, தேய்க்கிறது. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அதுவரை மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் கிரானைட்டில் 14 அங்குல பிளேடை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே அது சரியாக இறங்கவில்லை. சத்தம் கீச்சென்று மாறியிருந்தது, ஓரத்தில் பொறி பறந்தது. முடித்துவிடும் அவசரத்தில் உடம்புப் பாரத்தை மொத்தமாக மெஷின் மேல் போட்டேன். டப்பென்று செக்மெண்ட் ஒன்று, அதாவது பிளேடின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் வெட்டும் துண்டுகளில் ஒன்று, கழன்று, எதிரே இருந்த ஒட்டுப்பலகையில் போய்ச் செருகி நின்றது. பிளேடை மூடும் பாதுகாப்பு கார்டு அதன் இடத்தில் இருந்ததால் என் பக்கம் வரவில்லை. மேஸ்திரி திட்டவில்லை. "சூடா இருக்கும், தொடாதே தம்பி" என்றார். ஆறியதும் பிளேடைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரும்பு வட்டின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. மிச்சமிருந்த செக்மெண்டைத் தடவச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

அந்த வழவழப்புதான் விஷயமே. செக்மெண்டில் உலோகப் பொடியோடு செயற்கை வைரத் துகள்கள் கலந்திருக்கின்றன. மேலே உள்ள துகள் மழுங்கும்போது, அதைப் பிடித்திருக்கும் உலோகமும், அதாவது பிணைப்பும், கூடவே தேய வேண்டும். அப்போதுதான் அடியில் உள்ள புதுத் துகள் வெளியே வரும். கிரானைட் அந்த உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது, அதனால் அதற்கு மென்மையான பிணைப்புள்ள பிளேடு வேண்டும். தார் ரோடும் புதுக் கான்கிரீட்டும் உப்புத்தாள் மாதிரி அரிக்கும், அவற்றுக்குக் கெட்டியான பிணைப்பு. முதலில் கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும். அன்று நான் மாட்டியிருந்தது தார் ரோட்டுக்கான பிளேடு. வைரம் மழுங்கி மூடிக்கொண்டது, அழுத்த அழுத்தச் சூடு மட்டும் ஏறியது.

சூடாகிக் கெடும் முன்பே கவனித்தால் அந்த பிளேடைக் காப்பாற்றலாம். மணற்கல்லிலோ சிமெண்ட் பிளாக்கிலோ ஆழமில்லாமல் சில வெட்டுகள் ஓட்டினால் பிடிப்பு திரும்ப வந்துவிடும். அப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் வால் மாதிரி கொஞ்சம் உலோகம் முட்டுக்கொடுத்து நிற்கும். பிளேடில் உள்ள அம்புக்குறியை மதிக்க இதுவே போதும். திருப்பி மாட்டினால் முட்டு இல்லாமல் துகள்கள் பெயர்ந்துவிடும்.

வேகத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பிளேடில் அச்சிட்ட வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவு என்றால் நான் மாட்டுவதே இல்லை. மாட்டியதும் ஒதுங்கி நின்று அரை நிமிடம் சும்மா ஓட விடுவேன். வெட்டும் கோடு நேராகத்தான் போக வேண்டும், வளைத்தால் வட்டு கோணிவிடும். உலர்வாக வெட்டும்போது அடிக்கடி தூக்கி, காற்றில் சுழலவிட்டு ஆற விட வேண்டும்.

தண்ணீர் தூசியை அடக்கும், சூட்டையும் தணிக்கும். ஆனால் சாதாரண மின் கிரைண்டரில் பக்கத்தில் ஒருவர் நின்று குவளையால் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். தண்ணீர் இணைப்போடு வரும் மெஷினில் மட்டும்தான் அதைச் செய்ய வேண்டும். மற்றதில் தூசி உறிஞ்சியும், முகத்தில் சரியாகப் பொருந்தும் சுவாசக் கவசமும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. மேஸ்திரி காலமெல்லாம் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். இப்போது நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறார்.

சாயங்காலம் பிளேடைக் கழுவித் துடைத்து, விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டுவேன். கணீரென்று ஒலித்தால் ஆணியில் மாட்டிவிடுவேன். நேற்று ஒன்று மந்தமாகச் சத்தம் கொடுத்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், நடு ஓட்டையிலிருந்து மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். காலையில் யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது. சுத்தியலால் அடித்து வளைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.