ஆச்சியின் மாத்திரைப் பை

மார்ச் 3, திங்கள், காரைக்குடி

பள்ளத்தூர் ஆச்சியின் மருமகள் இன்று என் மருந்துக்கடைக்கு வந்து, ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரையை மேசையில் கொட்டினார்.

"அண்ணே, ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேங்குறாக. முகப்புல ஆளுக வந்து உக்காந்திருக்காக, காப்பி போட்டுக் கொடுன்றாக. போய்ப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. மறதி முத்திருச்சாண்ணே?"

ஸ்ட்ரிப்களைப் பிரித்து வரிசையாக வைத்தேன். தீபாவளி சமயத்தில் மறதிக்கு மதுரை டாக்டர் எழுதிய டோனெபெசில். பொங்கல் கழிந்து, சிறுநீர் அடக்க முடியவில்லை என்று வேறொரு டாக்டர் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின். வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின். போன வாரம் சீட்டு இல்லாமல் எங்கோ வாங்கிய சளி மாத்திரை, அதில் குளோர்பெனிரமின். ஆச்சிக்கு வாய் உலர்ந்து இட்லி கூட இறங்கவில்லையாம். மலம் கழித்து நாலு நாள் ஆகிறது.

மறதி ஒரே வாரத்தில் இப்படி முற்றாது. சந்தேகம் எனக்கு அந்தப் பையின் மேல்தான். சளி மாத்திரையை இனி கொடுக்க வேண்டாம் என்றேன். டாக்டர் எழுதியதை நிறுத்துவது என் வேலை இல்லை. எந்த மருந்து எப்போது ஆரம்பித்தது, எந்தத் தொந்தரவு எப்போது வந்தது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, நாளைக்கே மதுரைக்குப் போகச் சொன்னேன். சிறுநீர் அடைத்துக்கொண்டால் நாளை வரை காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 4, செவ்வாய்

மதியம் கூட்டம் இல்லை. நேற்றைய விஷயத்தை எழுதி வைக்கிறேன், இந்த நான்கு மாத்திரைகளும் பல வீடுகளில் இருக்கின்றன.

நாம் யோசிக்காமலே உடம்பு செய்யும் வேலைகளில் பாதி, பாராசிம்பதெடிக் நரம்புகள் பார்ப்பது. எச்சில் ஊறுவது, குடல் அசைவது, சிறுநீர்ப்பை சுருங்குவது, கண்மணி சுருங்குவது, இதயம் நிதானமாவது எல்லாம் இதில் வரும். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிந்து, எதிரே உள்ள செல்லின் மேல் அதற்கென்றே இருக்கும் பூட்டு போன்ற ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். 1921-ல் ஓட்டோ லூவி இதைத் தவளை இதயங்களை வைத்துக் கண்டுபிடித்தார். ஒரு இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், அது மெதுவாகத் துடித்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்கு விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் சோதனை இது.

வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடைத்துவிடும். டோனெபெசில் அந்த நொதியைத் தடுக்கிறது. மூளையில் அசிட்டைல்கோலின் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அதனால் சிலருக்கு ஞாபகம் சற்றுத் தேறும். ஆனால் மருந்து மூளையோடு நிற்காது. சிறுநீர்ப்பையும் அதிகம் சுருங்கலாம், அவசரமாக வரலாம்.

அதற்குத்தான் ஆக்ஸிபியூட்டினின். இது ஏற்பியை அடைக்கிற ரகம். பெட்டகத்தின் சாவித்துளைக்குள் போகும், ஆனால் திரும்பாத சாவி. அது உள்ளே இருக்கும் வரை சரியான சாவியும் நுழையாது. சிறுநீர்ப்பை அடங்கும். அதே சமயம் எச்சில் வற்றும், குடல் மந்தமாகும், மூளைக்குள்ளும் அது போகும். ஆக, கூட்டுவதற்கு ஒன்று, அடைப்பதற்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே ஆச்சி விழுங்கிக்கொண்டிருந்தார். டைசைக்ளோமினும் குளோர்பெனிரமினும் அடைக்கிற கட்சிதான்.

ஊமத்தை தின்றவருக்கு என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய் காயும், கண்மணி விரியும், இல்லாத ஆளோடு பேசுவார். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபொலமின் எல்லாம் இதே ஏற்பியைத்தான் அடைக்கின்றன. முகப்பில் விருந்தாளி வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

கோட்டையூர் ஐயா ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கண் டாக்டர் சொட்டு விட்டாராம், பேப்பர் எழுத்து தெரியவில்லை என்று பயம். கண்மணியை விரிக்கும் டிரோபிக்கமைட், இதுவும் அடைக்கிற கட்சிதான். ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை டிவிஎஸ்ஸை ஓட்ட வேண்டாம் என்றேன். கண் வலித்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் மட்டும் உடனே திரும்பிப் போகச் சொன்னேன். கண்மணி விரிந்தால் சிலருக்குக் கண்ணழுத்தம் திடீரென ஏறிவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

நர்ஸ் வேலை பார்க்கும் என் தங்கை நைட் டியூட்டி முடிந்து வந்தாள். மிளகாய்த் தோட்டத்தில் காற்றுக்கு எதிரே நின்று பூச்சிமருந்து அடித்த கூலிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. கண்மணி குண்டூசித் தலை அளவு. வாயில் எச்சில் வழிகிறது, உடம்பெல்லாம் வியர்வை, வேட்டி நனைந்துவிட்டது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் கொதிக்கிற தண்ணீர்ச் சத்தம்.

டோனெபெசில் மெல்லத் தடுக்கிற அதே நொதியை இந்த விஷம் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலின் உடையாமல் குவிகிறது. நுரையீரல் தன் நீரிலேயே மூழ்குகிறது.

அங்கே உயிரைக் காப்பது அடைக்கிற மருந்து, அட்ரோபின். நம் ஊர் ஆம்பியூலில், அதாவது சின்ன ஊசிமருந்துக் குப்பியில், இருப்பது 0.6 மில்லிகிராம். இந்த விஷத்துக்கு முதலிலேயே 1 முதல் 3 மில்லிகிராம் போடுவார்கள், கேட்காவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவார்கள். ஆம்பியூல் உடைத்து உடைத்து விரல் வெட்டுப்பட்டதைக் காட்டினாள். கண்மணி விரிந்ததா என்று பார்த்து நிறுத்துவதில்லை, நெஞ்சுச் சத்தம் தெளிந்து, துடிப்பும் ரத்த அழுத்தமும் தேற வேண்டும். தசைகள் சோர்ந்துபோவதை அட்ரோபின் தொடாது, அங்கே இருப்பது வேறு வகை ஏற்பி. மூச்சுத் தசை ஓய்ந்தால் வென்டிலேட்டர்தான். விடியும்போது அவருக்கு நெஞ்சு தெளிந்திருந்ததாம்.

பூச்சிமருந்து விற்கும் கடைகளில் ஒரு முகக்கவசம், ஒரு ஜோடி கையுறையைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? கோபமாக வருகிறது. நனைந்த சட்டையை உடனே கழற்றி, சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும் என்பது கூட அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மார்ச் 17, திங்கள்

ஆச்சியின் மருமகள் வந்தார். ஆக்ஸிபியூட்டினினையும் டைசைக்ளோமினையும் டாக்டர் நிறுத்திவிட்டார். டோனெபெசிலை ராத்திரியிலிருந்து காலைக்கு மாற்றியிருக்கிறார், இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும். முகப்புக்கு இப்போது யாரும் வருவதில்லை. வெள்ளைப் பணியாரம் இரண்டு சாப்பிட்டாராம்.

மறதி அப்படியேதான் இருக்கிறது. சிறுநீர்த் தொந்தரவும் முழுக்கப் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறார்கள், அதில் பாதி சமாளிக்க முடிகிறது. அதுவும் போதவில்லை என்றால் டோனெபெசில் தேவையா என்று அடுத்த மாதம் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர்.

கிளம்பும்போது, மூக்கு ஒழுகுது, பழைய சளி மாத்திரை ஒரு அட்டை கொடுங்க என்றார். உப்புத்தண்ணீர்ச் சொட்டு கொடுத்து அனுப்பினேன்.