15 நிமிடப் புள்ளி

"அக்கா, 15 நிமிஷத்துல நொதி குறையல, ஏறுது."

"அஸ்கார்பேட் மிச்சமிருக்கும், அதுதான் நீலத்தைக் கூட்டுது. அந்தப் புள்ளிய விட்டுடு."

செம்மறிச் சிறுநீரகச் செல்சவ்வை இரும்பும் அஸ்கார்பேட்டும் (வைட்டமின் சி) கலந்து 37 டிகிரியில் வைத்து, சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகும்போது அதிலுள்ள சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் என்ற நொதியின் செயல் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும் வேலை. (எலிச் சிறுநீரகம் இதற்கு ஆகாது, இந்த நொதியை முடக்கும் ஊவாபெயினுக்கு லேசில் மசியாது.) நான் சொன்ன காரணம் முழுப்பொய் அல்ல. நொதி விடுவிக்கும் பாஸ்பேட்டை நீல நிறத்தால் அளக்கும் மாலிப்டேட் முறையில் அந்த நீலத்தை வரவழைப்பதே ஒடுக்கும் பொருள்தான். அஸ்கார்பேட் மிஞ்சினால் நிறம் பிசகும். ஆனால் ஊவாபெயின் போட்ட ஒப்பீட்டுக் குழாயிலும் அதே அஸ்கார்பேட் உண்டு, அதன் அளவைக் கழித்தால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். அதற்கும் மேல், நேரம் போகப் போக அஸ்கார்பேட் தீர்ந்துகொண்டே வரும். அதுதான் காரணமென்றால் 0 நிமிடக் குழாய்தான் அதிகம் காட்டியிருக்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்துப் பெண், அக்கா என்று அழைத்தவள், எதிர்த்துக் கேட்கவில்லை.

ஏறியதற்கு வேறு காரணம் இருக்கலாம். அரைத்துச் சுழற்றி எடுத்த சவ்வுத் துண்டுகள் குமிழிகளாக மூடிக்கொள்கின்றன. நொதி உடைக்கும் ஏடிபி ஒட்டும் இடம் செல்லின் உட்பக்கம், ஊவாபெயின் ஒட்டுவது வெளிப்பக்கம். மூடிய குமிழியில் இரண்டில் ஒன்று எட்டாது. நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் ஆக்சிஜனேற்றமானதும் சவ்வு ஒழுகத் தொடங்கும், ஒளிந்திருந்த நொதியும் கணக்கில் வரும். உண்மையான சேதம் அதன் அடியில் நடந்துகொண்டிருக்கும்: சவ்வு இறுகும், கெட்ட கொழுப்பிலிருந்து வரும் 4-ஹைட்ராக்சிநோனினால் நொதியின் சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். டிடிடி என்ற ஒடுக்கியை ஊற்றினால் டைசல்ஃபைடு பிணைப்பு பிரியும், இந்தப் பிடி விடாது.

சோதிப்பது எளிது. ஒவ்வொரு நேரத்திலும் ஒரு பங்கை அப்படியே அளக்க வேண்டும், இன்னொரு பங்கைப் புரத அளவுக்கேற்பக் கொஞ்சம் டியாக்சிகோலேட் என்ற சவர்க்காரத்தால் திறந்து அளக்க வேண்டும் (கூடிப்போனால் நொதியே செத்துவிடும்). திறந்தது குறைந்து, திறக்காதது ஏறினால் ஒழுக்குதான். கொழுப்பு எவ்வளவு கெட்டது என்று காட்டும் டிபிஏ சோதனையில் 532 நானோமீட்டரில் வரும் இளஞ்சிவப்பு மட்டும் இதைச் சொல்லாது. அதிலும் கொதிக்கவைக்குமுன் பிஎச்டி என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்க்காவிட்டால் கொழுப்பு குழாயிலேயே மேலும் கெடும்.

அன்றே செய்திருக்கலாம். அடுத்த வாரம் டர்பனில் லோட் ஷெட்டிங் மின்வெட்டு, சவ்வு வைத்திருந்த -20 டிகிரி உறைபெட்டி இரண்டு முறை உருகியது. உருகாவிட்டாலும் -20 இதற்குப் போதாது, ஆக்சிஜனேற்றம் மெதுவாக ஓடிக்கொண்டேயிருக்கும். -80 வேண்டும், நைட்ரஜன் வேண்டும். பிஎச்டி போட்டுச் சேமித்தால் இந்தச் சோதனைக்கே அந்தச் சவ்வு உதவாது.

அந்தப் புள்ளி இருந்தாலும் 60 நிமிடத்தில் நொதி விழுந்தது விழுந்ததுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கிருந்து விழுந்தது என்பது மட்டும், திறக்காத 0 நிமிடக் குழாயை வைத்துச் சொல்ல முடியாது. வரைபடத்தில் 0, 30, 60 மூன்று புள்ளிகள், கோடு அழகாக இறங்குகிறது.